மூன்றே முக்கால் வோல்ட்

கோட்டிங்கன், அக்டோபர் 1923

ஹைட்ரஜன் நல்ல பிள்ளை.
ஒரு கரு, ஒரு எலக்ட்ரான்.
கேட்ட கேள்விக்கு
சிவப்பு, நீலப்பச்சை, ஊதா என்று
கோடு கோடாகப் பதில் சொல்லிவிட்டு
உட்கார்ந்துகொள்ளும்.

எனக்குக் கொடுத்திருப்பது ஹீலியம்.

இரண்டு எலக்ட்ரான்கள்.
ஒன்றை எழுத உட்கார்ந்தால்
மற்றது தோளை இடிக்கிறது.
எதிரெதிராக ஓடவிட்டேன்.
ஒரே வட்டத்தில், பிறகு நீள்வட்டத்தில்,
பிறகு ஒன்றையொன்று குறுக்கே வெட்ட
நூற்றிருபது பாகை சாய்த்து.
கைப்பிடி சுழற்றும் கணக்கு யந்திரம்
ஒவ்வொரு பெருக்கலுக்கும்
பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புகிறது.
விரல்நுனி வெட்டிய கையுறை எனக்கு.
கரி வாங்கப் போனவன்
செவ்வாய்க்கிழமை போனான்.

தாளும் இல்லை.
ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த
போன மாதத்து லட்சங்களைக்
கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து
மேசைமேல் வைக்கிறார் குமாஸ்தா.
ஒரு லட்சத்தின் முதுகில்
ஒரு சமன்பாடு கொள்ளும்.
வர்க்கமூலம் எடுக்க இன்னொரு லட்சம்.

நான் பள்ளியில் இருந்தபோது
அணு, திராட்சை பதித்த கேக்.
பல்கலைக்கழகம் வந்தபோது
கேக்கை யாரோ தின்றுவிட்டிருந்தார்கள்.
நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் காலி,
காலியில் ஒரு ஓட்டம்.
ஓடினால் ஒளி சிந்த வேண்டும்,
சிந்தினால் சுருண்டு
கருவில் விழ வேண்டும்.
ஏன் விழவில்லை என்று கேட்டதற்கு
விதி என்றார்கள்.
அன்செல்மை எழுதிய தந்தி வந்த அன்று
அம்மாவும் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னாள்.
நான் இரண்டு இடத்திலும்
மேற்கொண்டு கேட்கவில்லை.

குழாயில் வாயு அடைத்து அளப்பவர்கள்
ஐயமில்லாமல் சொல்கிறார்கள்:
ஹீலியத்திலிருந்து ஒன்றைப் பிய்த்தெடுக்க
இருபத்துநாலரை வோல்ட்.
என் லட்சங்களின் முதுகில் வருவது
இருபதே முக்கால்.
கணக்கு உதைக்கிறது.
திரும்பப் போட்டேன்.
அதே இடத்தில், அதே காலால் உதைக்கிறது.

"அரை போட்டுப் பார், ஓட்டிலியே" என்கிறான் டெட்லெஃப்.
அவன் சட்டைக் காலரில் மை, வாயில் வெறும் பைப்.
"முழு எண்ணை யார் கட்டாயம் பண்ணினது?
அரை வைத்தால் அளவு பக்கத்தில் வருது."
வருகிறதுதான்.
முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே
கால் வைக்க இடமில்லை என்று
பத்து வருடமாகச் சொல்லிவிட்டு
இப்போது அங்கே ஒரு முக்காலி போடுவதா?
பேராசிரியர் அரையைப் பார்த்தார்.
பென்சிலைப் பார்த்தார்.
ஜன்னலைத் திறந்து, குளிரென்று மூடினார்.

ரொட்டிக்கடையில் காலை நாற்பத்தெட்டு கோடி.
வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர் இருந்தபோது
ஃப்ராவ் ப்ரூன்ஸ் ஈரத்துணி எடுத்தாள்,
பலகையைத் துடைத்தாள்,
எழுபது என்று எழுதினாள்.
நடுவே ஐம்பத்தைந்து என்று ஒரு விலை
எந்த நொடியிலாவது இருந்ததா?
துணிக்கும் சாக்கட்டிக்கும் இடையில்
பலகை கறுப்பாக இருந்தது.
கொஞ்சம் ஈரமாகவும்.

என் முறை வந்தது.
அறுபத்தொன்பது, எழுபது என்று எண்ணிவைத்த கட்டில்
எப்படியோ என் கணக்குத் தாளும்
ஒன்று கலந்திருக்கிறது.
அவள் திருப்பிப் பார்த்தாள்.
இருபத்துநாலரை அடித்திருந்தது,
இருபதே முக்கால் அடித்திருந்தது,
கீழே இரட்டைக் கோட்டின்மேல்
மூன்றே முக்கால்.

"நாளைய விலையா?"
"ஹீலியம்."
"அதுவும் ஏறுதா?"
"குறையுது. எப்படிப் போட்டாலும்
மூன்றே முக்கால் குறையுது."

அவள் எனக்குப் பின்னால் நின்றவர்களை எட்டிப் பார்த்து,
"குறையுதாமே!" என்றாள்.
வரிசை மொத்தமும்
என் பக்கம் திரும்பியது.
யாரோ, எந்தக் கடை என்று கேட்டார்கள்.